துண்டு போட்ட ஊர்கள்

மேகலா வேலை பார்த்த கம்பெனியில் பொய்க்குப் பொய் என்று பெயர் கிடையாது. துண்டு என்று பெயர்.

பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிக்கிறோமே, அதே துண்டுதான். துண்டு கிடக்கிற சீட்டில் ஆள் இல்லை. ஆனால் யாரோ வரப்போகிறார் என்று நம்பி மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதுபோல, ரிப்பேருக்கு ஆள் அனுப்புகிற அந்தக் கம்பெனியில் ஒரு பிளம்பரோ எலெக்ட்ரீஷியனோ சேராத ஊருக்கெல்லாம்கூட முன்கூட்டியே ஓர் இணையப் பக்கம் போட்டு வைத்திருந்தார்கள். யாராவது போனை எடுத்து 'பக்கத்தில் மோட்டார் ரிப்பேர்' என்று தேடினால் அந்தப் பக்கம்தான் முண்டியடித்து முன்னால் வரும். உங்கள் ஊரிலேயே இருக்கிறோம் என்று சொல்லும். கம்பெனி எங்கே இருந்தது? கோயம்புத்தூரில், ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது.

முன்பெல்லாம் இது சுலபமான வேலை. ஒரே பக்கத்தை எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, ஆயிரம் ஊருக்கு ஒட்டிவிடலாம். தேடுபொறிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒன்றைப்போல் இன்னொன்று இருந்தால் இரண்டையும் குப்பையில் தள்ள ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி மூளை, தனி ஞாபகம், தனிக் குரல் என்று ஆகிவிட்டது. பக்கத்தைத் தொட்டால் அது பேசும். பேசினவர்களிடமிருந்தே அந்த ஊரைக் கற்றுக்கொள்ளும். எந்தத் தெருவில் தண்ணீர் எப்போது வரும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை அதற்குத் தெரிந்திருக்கும்.

இந்தக் குரல்களுக்குப் பெயர் வைத்துப் பேச்சுப் பழக்குவதுதான் மேகலாவின் வேலை. "ஊர் ஊருக்குப் பொண்ணு பெத்து வெச்சிருக்கீங்க அக்கா" என்று சிபி கிண்டல் செய்வான். சிபி முதலாளி. அவளைவிட வயதில் இளையவன். ஒற்றை அறையில் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவள் கூடவே இருப்பதால் அவனுக்கு அவள் அக்கா, அவளுக்கு அவன் தம்பி.

ஆள் இல்லாத ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால் பக்கம் என்ன சொல்ல வேண்டும்? அந்த வாக்கியத்தையும் அவள்தான் எழுதினாள்.

"கவலைப்படாதீங்க. உங்க ஊர் ஆளு ஒருத்தரு வருவாருங்க."

மறுநாள் சொல்ல, 'ஆளுக்கு உடம்பு சரியில்லைங்க' என்று இன்னொரு வாக்கியம். அதற்குள் கூப்பிட்டவரின் நம்பரும் தேவையும் கம்பெனி கைக்கு வந்துவிடும். எந்த ஊரில் எந்த வேலைக்குக் கிராக்கி என்று தெரிந்தால்தானே ஆள் சேர்க்க முடியும்? சிபி கெட்டவன் இல்லை. சீக்கிரம் மெய்யாகிவிடும் என்று நம்பிப் பொய் சொல்கிறவன். அந்த ஜாதி மனிதர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு.

ஒரு திங்கட்கிழமை, வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நேந்திரன் வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார்.

"பூங்கோதை அம்மிணி இருக்குதுங்களா?"

வரவேற்பில் இருந்த பெண் திருதிருவென்று விழித்தாள். மேகலாவுக்குத்தான் புரிந்தது. பூங்கோதை என்பது வேலங்காட்டுப்புதூர் பக்கத்துக்கு அவள் வைத்த பெயர். அது சுத்தமான துண்டு ஊர்.

"அந்தப் புள்ள இன்னைக்கு லீவுங்க. நான் அதுக்கு அக்கா மாதிரி. சொல்லுங்க" என்றாள்.

அவர் பெயர் நாச்சிமுத்து. மனைவி பாவாயி மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். இவருக்கு வலது கை முன்பே முடக்கம், தூக்க முடியவில்லை. மகன் துபாயில். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், முந்தின மாதம் மோட்டார் ரிப்பேருக்குப் பேசின பூங்கோதையையே கூப்பிட்டிருக்கிறார்.

"ஊர் ஆளு வருவாருன்னு சொல்லுச்சுங்க. சும்மா சொல்லுதுன்னு நெனச்சனுங்க. வெத்தலை போட்டுத் துப்பற நேரத்துல மாவு மில்லுக்காரரு வண்டியோட வந்து நிக்கறாரு. கூடவே பக்கத்துத் தோட்டத்து அம்மா. அவிங்களுக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தையே கெடையாதுங்க. அந்தம்மா வந்து பாவாயி தலையை மடியில தூக்கி வெச்சுட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துச்சுங்க." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் தாரை அந்தப் புள்ளைகிட்டக் குடுத்துருங்க. நல்லா இருக்கோணும்."

அவர் போனதும் மேகலா பூங்கோதையைக் கூப்பிட்டாள்.

"நாச்சிமுத்து வீட்டுக்கு ஆளு அனுப்புனது யாரு?"

"நாந்தானுங்க அக்கா."

"அந்த ஊர்ல நமக்கு ஆளே கெடையாதே."

"நமக்குத்தானுங்க கெடையாது. ஊர்ல இருக்கறாங்களே. மில்லுக்காரரு பெல்ட்டு கேட்டுப் பேசியிருக்காருங்க. தோட்டத்து அம்மா ஃபேன் ஓடலைன்னு பேசியிருக்காங்க. ரெண்டு பேர்த்தையும் கூப்பிட்டு, இந்த மாதிரிங்க, போக முடியுமான்னு கேட்டனுங்க."

"ஆளுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்றதுக்கு உனக்கு எழுதிக் குடுத்திருக்கேனே, அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"அதுக்கு முன்னாடி வருவாருன்னு சொல்லச் சொல்லியிருக்கீங்க. வருவாருன்னு சொன்னா வரோணுமில்லீங்களா? மொதல் பேச்சு மெய்யாயிட்டா ரெண்டாவது பேச்சுக்கு வேலையே இல்லீங்க அக்கா."

மேகலா மற்ற துண்டுப் பக்கங்களையும் திறந்து பார்த்தாள். எல்லாம் ஒரே லட்சணம்! ஓர் ஊரில் பிரசவ வலிக்காரிக்கு வாடகைக் கார்க்காரர் போயிருக்கிறார். இன்னோர் ஊரில் கல்யாண வீட்டு மிக்சியை ரேடியோக் கடைக்காரர் சரி செய்திருக்கிறார். ஆள் வருவார் என்று வாய்ப்பந்தல் போட அவள் கற்றுக்கொடுத்தாள். அந்தப் பெண்களோ நிஜமாகவே கால் நட்டுக் கூரை வேய்ந்திருந்தார்கள்.

சிபியிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான். சொன்னால் நிறுத்திவிடுவான், இதில் கம்பெனிக்குத் துட்டு வராது. அவள் வாயை மூடிக்கொண்டாள். வாழைப்பழத்தை ஆபீஸ் முழுக்கப் பங்கிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் காலே தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் சாந்தாமணி வரும்வரைதான்.

சாந்தாமணியும் அதே வேலங்காட்டுப்புதூர்தான். உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சிபியும் மேகலாவும் உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினாள்.

"கதவுக்குப் பூட்டு மாத்தோணும்னுதான் கேட்டனுங்க. எங்க வீட்டுக்காரரு லாரியில போயிருந்தாரு. திரும்பி வர்றதுக்குள்ள மாத்திரலாம்னு பாத்தேன். ஊர் ஆளு வருவாருன்னு உங்க புள்ள சொல்லுச்சு. வந்தாருங்க. ஹார்டுவேர் கடைக்காரரு. எங்க வீட்டுக்காரருக்குச் சித்தப்பா."

சிபி கண்ணை மூடிக்கொண்டான்.

"அவரு பூட்டு எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்காரருக்குப் போன் போயிருச்சு. பூட்டை மாட்டாம சித்தப்பா பேச்சுக் குடுத்துட்டே இருந்தாரு. அப்புறம் இவரே வந்து நின்னாரு." அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அந்தப் புள்ள ஒத்தாசைன்னு நெனச்சுத்தான் பண்ணியிருக்கும். ஆனா ஊருக்குத் தெரியக்கூடாதுன்னுதானுங்களே நான் போன்ல தேடுனேன்? ஊருக்குத் தெரிஞ்சாப் போதும்னா தெருவுல நின்னு கத்தியிருக்க மாட்டனா?"



சிபியே அவளைக் காரில் அழைத்துப்போய், பெண்கள் விடுதி நடத்தும் தன் சித்தியிடம் விட்டுவிட்டு வந்தான். ஒரு வக்கீலுக்கும் சொல்லிவிட்டான். திரும்பி வந்து நாற்காலியில் சரிந்தான்.

"அந்தப் பக்கங்க இப்படி ஆளு அனுப்புதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும் தம்பி."

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லைம்பாங்க. நாம அந்த ஊர் வாயை வாங்கி கம்ப்யூட்டருக்குள்ள வெச்சிருக்கோம். வேண்டாங்க்கா. துண்டுப் பக்கம் எல்லாத்தையும் எடுத்துருவோம். ஒவ்வொரு ஊர்லயும் பாதியில நிக்கிற வேலை இருக்கு, அதை முடிக்க இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம். நீங்களே எடுத்துருங்க."

"சரி பண்ணலாம் தம்பி. கேட்டுட்டு அனுப்பச் சொல்லிக் குடுக்கலாம். பாவாயி மாதிரி எத்தனை பேரு..."

"இன்னொரு சாந்தாமணி வந்து நின்னா நான் என்ன சொல்றதுங்க்கா?"

பாவாயி ஒரு தட்டில், சாந்தாமணி ஒரு தட்டில் என்று வைத்து நிறுக்கிற தராசை யார் செய்து வைத்திருக்கிறார்கள்?

சாந்தாமணிக்கு நடந்ததைப் பூங்கோதையிடம் அன்றைக்கே சொன்னாள்.

"அவரு சித்தப்பான்னு எனக்குத் தெரியுமுங்க அக்கா. அதனாலதானுங்க அவரைக் கூப்பிட்டேன். சொந்தக்காரரு, ஓடி வருவாருன்னு நெனச்சனுங்க."

"சொந்தம்னா ஒதவின்னு உனக்கு யாரு சொன்னா?" மேகலாவுக்கு ஆத்திரம் வந்தது.

"நீங்கதானுங்க. உங்க ஊர் ஆளுன்னு சொன்னாலே பயம் போயிரும்னு சொல்லிக் குடுத்தீங்க."

மேகலா தலையில் கை வைத்துக்கொண்டாள். நிஜம்தான். கோயம்புத்தூரில் தனியாக ஒரு பிளாட்டில் இருந்துகொண்டு, ஊர் என்றால் என்னவென்று பஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு நினைப்பை வைத்துக்கொண்டு எழுதின வாக்கியம் அது. ஊர் என்றால் பாவாயியின் தலையைத் தாங்கின மடி மட்டும் என்று நினைத்துவிட்டாள். பூட்டை மாட்டாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்த சித்தப்பாவும் அதே ஊர்தான்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? யாரு வரோணும்னு கேக்கறதுக்கு முன்னாடி, யாருக்குத் தெரியக்கூடாதுன்னு கேக்கலாமுங்களா?"

எடுக்கப்போகிற பக்கங்கள்தான். இருந்தாலும் மேகலா அந்த ஒரு கேள்வியை எல்லாத் துண்டுப் பக்கங்களுக்கும் கற்றுக்கொடுத்தாள். மிச்சமிருக்கிற நாளிலாவது யாருக்கும் தீங்கு வராமல் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு அந்த ஊர்களிலிருந்து வந்த அழைப்புகள் சரசரவென்று குறைந்தன. மாதக் கடைசி நெருங்கும்போது பல ஊர்களிலிருந்து ஒன்றுகூட இல்லை. சிபி திரையைத் திருப்பிக் காட்டினான்.

"பாத்தீங்களா? செத்தே போச்சு. எடுக்கறதுல யாருக்கும் நஷ்டமில்லைங்க்கா."

மேகலாவும் அப்படித்தான் நினைத்தாள். குழாய் ரிப்பேருக்குக் கூப்பிட்டவரிடம் யாருக்குத் தெரியக்கூடாது என்று கேட்டால் மிரள மாட்டார்களா? நாம் வாயைத் திறந்தாலே வம்புதான் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கடைசி நாள் சாயங்காலம் பட்டனை அமுக்கினாள். பெயர்கள் வரிசையாக மங்க ஆரம்பித்தன. எல்லாம் அணைய ஒரு மணி நேரமாகும் என்று காட்டியது. பூங்கோதையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசலாமா என்று கை போனது. எந்த முகத்தோடு பேசுவது? ஒரு பக்கத்துக்காக இப்படித் தவிப்பதா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் குடியிருந்தது ஊருக்கு வெளியே புதிதாக எழும்பின அடுக்குமாடி. நான்காவது மாடி. குடிவந்து மூன்று வருஷமாகியும் அங்கே அவளுக்கு ஒரு மனிதரைத் தெரியாது. தெரிந்ததெல்லாம் மேல் வீட்டுப் பால்கனி மட்டும். அங்கிருந்து சொட்டுகிற தண்ணீர் இவள் காயப்போட்ட துணியை நனைக்கிறது என்று சங்கத்து வாட்ஸ்அப்பில் கொஞ்சம் காரமாகவே எழுதியிருக்கிறாள். பதில் வரவில்லை. சொட்டுவது நின்றது. அவ்வளவுதான் உறவு.

செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது.

"மேகலா அக்காங்களா? நான் ஷாலினி பேசறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷாலினி இந்தப் பகுதிக்கான இணையப் பக்கம். வாட்ச்மேன் வெளியாட்களை உள்ளே விடாததால் எந்த வேலையாளும் சேராமல், இதுவும் துண்டாகவே கிடந்த இடம். போன வருஷம் குழாய் ஒழுகினபோது மேகலாவே இதைக் கூப்பிட்டு, யாரும் வராமல், தானே வாஷர் மாற்றிக்கொண்டாள்.

"உங்க மேல் வீட்டுல அருமைநாயகம்னு ஒரு பெரியவர் இருக்காருங்க. டியூப் லைட் மாட்ட ஆளு கேட்டுப் பேசிட்டிருந்தாரு. எல்லாரையும் கூப்பிட்டுப் பாத்தேன், யாரும் எடுக்கலை. அதுக்குள்ள அவரே ஸ்டூல் போட்டு ஏறிட்டாருங்க. விழுந்துட்டாரு. லைன்ல இருக்காரு, நினைவு இருக்கு, எந்திரிக்க முடியலை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அதுவரைக்கும் ஒரு ஆளு வேணும்."

"சொந்தக்காரங்க யாராச்சும்?"

"யாருக்குத் தெரியக்கூடாதுன்னு கேட்டேங்க. அப்படி யாரும் இல்லைன்னாரு. யாருக்குச் சொல்லணும்னு கேட்டேன். அப்படியும் யாரும் இல்லைன்னாரு."

மேகலா செருப்பை மறுபடியும் மாட்டவில்லை. வெறுங்காலோடு படிக்கட்டுக்கு ஓடினாள்.

"வெளியில இருக்கற ஷூவுக்குள்ள சாவி இருக்காம். இடது கால் ஷூ."

"ஷாலினி..." பாதிப் படியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னைக்குச் சாயங்காலம் நான் உங்களையெல்லாம்..."

"தெரியுமுங்க அக்கா. என் முறை இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும்."

"மன்னிச்சிரு."

"எதுக்குங்க? துண்டு போடறது ஆளு வந்து உட்கார்ற வரைக்குந்தானுங்களே. மத்த ஊர்ல எல்லாம் வந்துட்டாங்க. யாருக்குத் தெரியக்கூடாதுன்னு கேட்டதும், யாருக்குத் தெரியலாம்னு அவங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க. சம்மதம் கேட்டு அவங்க நம்பரை இவங்களுக்கு, இவங்க நம்பரை அவங்களுக்குக் குடுத்தோம். அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிடறாங்க? நாச்சிமுத்து ஐயா இப்பத் தோட்டத்து அம்மாவைத்தான் நேராக் கூப்பிடறாருன்னு பூங்கோதை எங்களுக்குப் பொதுவான குறிப்புல எழுதி வெச்சிருந்துச்சு. இந்த ஒரு ஊருக்குத்தான் இன்னும் ஆளு வரலை."

அழைப்புகள் செத்துப்போகவில்லை. வேறு வழியில் போய்க்கொண்டிருந்தன. மேகலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். போனில் சத்தமே இல்லை. காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஷாலினி போய்விட்டிருந்தாள்.

ஐந்தாவது மாடி. இடது கால் ஷூவுக்குள் சாவி இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு. உடைந்த டியூப் லைட் தரையில் நொறுங்கிக் கிடந்தது. சுவரோரம் பெரியவர் காலை நீட்டிச் சாய்ந்து கிடந்தார்.

"யாரு? கம்பெனியில இருந்து வர்றீங்களா?"

மேகலா கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து உள்ளே நடந்தாள்.

"இல்லீங்க. இந்த ஊர் ஆளுதானுங்க. கீழ் வீடு."

அவர் இருட்டில் அவளை உற்றுப் பார்த்தார். "துணி நனையுதுன்னு எழுதிப் போட்டீங்களே, அந்தக் கீழ் வீடா?"

"அதே கீழ் வீடுதானுங்க" என்று அவர் பக்கத்தில் மண்டியிட்டாள் மேகலா. "ஆடாம இருங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் இருக்கேன்."